அறை எண் மூன்றில் 31 டிகிரி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஆட்டோக்களுக்கு லித்தியம் பேட்டரி செய்யும் ஒரு கம்பெனி இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுப்புக் கடிதம் எழுதுவதற்கென்றே அவர்களிடம் ஒரு துறை உண்டு. அதில் இருப்பவர்களுக்கு வேறு வேலை கிடையாது, பாவம், யாராவது எதையாவது சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே தினமும் காலை எட்டே முக்காலுக்கு 'மாடல் வாசிப்பு' நடக்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஷிஃப்ட் சூப்பர்வைசர் தானியேல் ஒரு தாளைப் பிரித்து, "மாடலின்படி இன்று மூன்று ஏஜிங் அறைகளும் முப்பத்தொரு டிகிரி. பேட்டரி செல்கள் அனைத்தும் நலம்" என்று வாசிப்பார். எல்லோரும் ஒருமுறை கை தட்டிவிட்டுக் கலைவார்கள். ஒரு தடவை மட்டும்தான் தட்ட வேண்டும். இரண்டு தடவை தட்டிய புது ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, என்ன உள்நோக்கம் என்று விசாரித்தார்கள்.

மாடல் என்பது ஆளல்ல, மென்பொருள். பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எப்படிப் போகின்றன, எப்படித் திரும்புகின்றன, வழியில் எவ்வளவு சூடு கிளம்புகிறது என்பதையெல்லாம் சமன்பாடு போட்டுச் சொல்லும். நல்ல சங்கதிதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. கொடுத்த எண்களைத் தின்றுவிட்டுக் கணக்குச் சொல்வது அதன் வேலை. ஆனால் கம்பெனியில் யாரும் அதை 'அது' என்று சொல்வதில்லை. 'மாடல் சொல்றாரு' என்பார்கள். ஆயுத பூஜைக்கு அது குடியிருக்கும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். மாலையின் ஈரத்தில் அரை நாள் மாடல் வாய் திறக்கவில்லை. அந்த அரை நாளும் தொழிற்சாலை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா நின்றது.

குப்புராஜுக்கு மூன்றாம் ஏஜிங் அறையில் வேலை. புதிதாகச் செய்த பேட்டரிகளை ரேக்குகளில் அடுக்கி, இருபத்தொரு நாள் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பழக்கும் அறை அது. எளாவூர்க்காரர். அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், இவர் பதினாலு வருஷமாகத் தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ரேக்குகளுக்கு நடுவே நடக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினேழாம் நம்பர் ரேக்கைத் தாண்டும்போது முழங்கையில் அனல் பட்டது. அறை வெப்பமானியைப் பார்த்தார். நாற்பத்திரண்டு.

தானியேலிடம் ஓடினார். "சார், பதினேழாம் நம்பர் ரேக்கு சுடுது சார். நாப்பத்திரெண்டு காட்டுது."

"மாடல் இன்னா சொல்றாரு?"

"முப்பத்தொண்ணு."

"அப்புறம் இன்னா? போய் வேலைய பாருய்யா."

தானியேல் கெட்டவரல்ல. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர், மூன்றாவது பெண் காலேஜில் படிக்கிறது, ரிட்டையர் ஆக நாலு வருஷம் பாக்கி. அப்படிப்பட்டவர்களுக்கு மாடல் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

குப்புராஜ் விடவில்லை. அதனால் அவரிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதன் பெயர் 'யதார்த்த விலகல் படிவம்'. முதல் கட்டம்: மாடலிலிருந்து யதார்த்தம் எவ்வளவு விலகியது? இரண்டாம் கட்டம்: யதார்த்தம் விலகியதற்குப் பொறுப்பானவர் யார்? மூன்றாம் கட்டம்: யதார்த்தம் எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும்? குப்புராஜ் முதல் கட்டத்தில் பதினொரு டிகிரி என்று எழுதினார். இரண்டாவதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் தன் பெயரையே எழுதினார். மூன்றாவதைக் காலியாக விட்டதால் படிவம் திரும்பி வந்தது.

இரண்டாம் நாள் இரண்டு பேர் வந்து வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு போய்ப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். அதுவும் நாற்பத்திரண்டு காட்டியது. ஒரே அறையில் இரண்டு வெப்பமானிகள் ஒரே மாதிரி கெட்டுப்போனது பற்றி அவர்கள் ஆச்சரியப்பட்டு, கருவியின் அமைப்புக்குள் போய்ப் பதினொன்றைக் கழித்துவிட்டார்கள். இப்போது முப்பத்தொன்று காட்டியது. வெள்ளிக்கிழமை அது முப்பத்தாறுக்கு ஏறியது. மறுபடி வந்து பதினொன்றுக்குப் பதில் பதினாறைக் கழித்தார்கள். "இந்த ரூம்ல சென்ஸர் சீக்கிரம் கெட்டுப்போவுது" என்று அவர்களில் ஒருவர் வருத்தப்பட்டார்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் குப்புராஜ் சாப்பிட உட்கார்ந்தபோது, மனைவி குணசுந்தரி சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளும் அதே கம்பெனிதான். மூன்றாம் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம், ஒயர் கோக்கும் லைனில் இருபத்திரண்டு பெண்களில் ஒருத்தி.

"இன்னாங்க, உங்க ரூம்பு சுவரு சோக்கான சுவரு. நாலு நாளா நாங்க சோறு சுடச்சுட துன்றோம், தெரியுமா?"

குப்புராஜின் கை தட்டிலேயே நின்றது. "சுவத்துல சோறா?"

"காலைல டப்பாவ சுவத்தோரமா வெச்சிட்டா, மத்தியானம் ஆவி பறக்குது. மொத வெதுவெதுன்னு இருந்துச்சு. இப்போ முந்தானைய புடிச்சிக்கினுதான் மூடிய தொறக்க முடியுது."

அதற்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பதினேழாம் நம்பர் ரேக் சாய்ந்தே நிற்கிறது.

"சுந்தரி, சுவத்தோரமா ஒக்காராதே."

"எல்லாருக்கும் மிஷினு அங்கதான கீது? நான் மட்டும் எங்க போய் ஒக்கார்றது?"

அவள் கேட்டது நியாயம்தான். அன்றிலிருந்து அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ரேக்கை அங்கிருந்து எடுக்கவேண்டும்.

ஆனால் அடுத்த திங்கட்கிழமை நடந்தது வேறு. சுவரில் சோறு சூடாகும் செய்தி மேலே போய், 'மின்சாரமின்றி உணவு சூடாக்கல்' என்ற தலைப்பில் ஒயர் லைன் பெண்களுக்கு மாதத்தின் சிறந்த யோசனைக்கான கோப்பை கொடுத்தார்கள். கொடுத்தவர் மாடல் துறைத் தலைவர் டாக்டர் அமரேசன். குணசுந்தரியின் டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை உதறிக்கொண்டு, "அடேயப்பா, நல்ல சூடு! நம்ம தொழிலாளர்களோட கண்டுபிடிப்புத் திறமையே தனி" என்று மைக்கில் சொன்னார். பின்னால் திரையில் மாடலின் பச்சை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அறை எண் மூன்று, 31 டிகிரி. இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தில் குப்புராஜ் மட்டும் கை தட்டாமல் நின்றார். அதை ஒருவர் குறித்துக்கொண்டார்.

அதே வாரம் பேட்டரிகள் பருக்க ஆரம்பித்தன. மேல் மூடியின் திருகுகள் உட்காரவில்லை. தானியேலே நேரில் வந்து பார்த்தார், முகம் வெளுத்தது, ஆனாலும் மாடல் துறைக்கு போன் போட்டுக் கேட்டார். அங்கிருந்து பதில் வந்தது. மாடலில் செல்லின் தடிமன் என்பது ஒரே எண். அது மாறாது. அதை மாற்றும் பாஸ்வேர்டை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. ஆகவே செல் பருக்க வழியே இல்லை. திருகுகள் குட்டையாக வந்திருக்கும், ஸ்டோர்ஸில் விசாரிக்கவும்.

ஸ்டோர்ஸிலிருந்து நீளமான திருகுகள் வந்தன.

மாடல் துறையில் முபீனா என்று ஒரு பெண் இருந்தாள். பழவேற்காட்டுப் பெண், மின்வேதியியல் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். குப்புராஜ் கேன்டீன் வாசலில் அவளைப் பிடித்தார்.

"மேடம், ஒரே ஒரு தபா வந்து அந்த ரேக்குல கைய வெச்சுப் பாருங்க."

அவள் வந்தாள். கையை வைத்தாள். உடனே எடுத்தாள். "அண்ணே, இது உள்ளுக்குள்ளயே சூடாவுது. கேஸ் உண்டாகித்தான் பருத்துக்கினு இருக்கு. இப்படியே விட்டா ஒரு செல் பத்திக்கும், அடுத்தது பத்திக்கும், அப்புறம் தண்ணி ஊத்தினாலும் நிக்காது."

"உங்க மாடலு ஏன் மேடம் இத சொல்ல மாட்டேங்குது?"

முபீனாவுக்கும் அதுதான் புரியவில்லை. இரண்டு நாள் பழைய கோப்புகளைக் கிளறினாள். மூன்றாம் நாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வந்தாள். "மாடலுக்கு சூட்டுக் கணக்கை எந்த டேட்டா வெச்சு சொல்லிக் கொடுத்தாங்கன்னு பாத்தேண்ணே. ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஏப்ரல், மே, ஜூன். மூணு மாசம் இந்த ரூம் ரிஜிஸ்டர். எவ்ளோ சார்ஜ் ஏத்தினாலும் முப்பத்தொண்ணத் தாண்டவே இல்ல. அதனால, இந்த செல் சூடே ஆவாதுன்னு மாடல் கத்துக்கிச்சு. அமரேசன் சார் இதுக்கு 'கும்மிடிப்பூண்டி விளைவு'ன்னு பேர் வெச்சு வெளிநாட்டுல போய்க் கட்டுரை வாசிச்சிருக்காரு. விருதுகூட வந்துது."

திரையில் ரிஜிஸ்டரின் படம். மேலே ஒரு 31. அதற்குக் கீழே பக்கம் முழுக்க டிட்டோ, இரண்டிரண்டு சின்னக் கோடுகள், எறும்பு வரிசை மாதிரி. அந்த மூன்று, அந்த ஒன்று, குப்புராஜ் போட்டவை. வேறு யாரும் மூன்றுக்கு அப்படி வால் வைக்கமாட்டார்கள்.

அந்த வருஷம் வெப்பமானி கெட்டுப்போயிருந்தது. புதியது கேட்டுக் கடிதம் போயிருந்தது. ஆடிட் வருகிறது, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று தானியேல் சொன்னார். "முப்பத்தொண்ணு போடு குப்பு, கீழ எல்லாம் டிட்டோ போட்டுக்கினே போ." குப்புராஜ் போட்டார். அடுத்த ஷிஃப்ட்காரரும் அவருக்குக் கீழே டிட்டோ போட்டார், அதற்கடுத்தவரும் போட்டார். எல்லாத் தொழிற்சாலையிலும் நடக்கிற காரியம், யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை, கட்டம் நிரப்புவது என்றுதான் நினைப்பார்கள். தொண்ணூற்றொரு நாள் கழித்து வெப்பமானி வந்தது. மே மாதம், தகரக் கூரை, மதியம் இரண்டு மணி, முப்பத்தொரு டிகிரி. கும்மிடிப்பூண்டியில் ஒரு மே மாதம் இருந்தவன் எவனும் அந்தக் காகிதத்தைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். டாக்டர் அமரேசன் அதைப் பார்த்து விருது வாங்கினார்.

அந்த ரேக்கின் சூட்டை மறைத்துக்கொண்டு நிற்பது அவருடைய கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய மனைவி உட்கார்ந்து ஒயர் கோக்கிறாள்.

மறுநாள் அவரே போய் ஒப்புக்கொண்டார். நீண்ட மேஜை, குளிர்ந்த அறை, ஆறு அதிகாரிகள். தானியேல் சுவரோரமாக நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த மூணு மாசமும் நான் எழுதினது பொய் சார். வெப்பமானியே இல்ல. நான்தான் முப்பத்தொண்ணு போட்டேன். இன்னா தண்டனை வேணா குடுங்க. ரூம்பு நெசத்துல நாப்பத்தேழுல கீது, அந்தப் பதினேழாம் நம்பர் ரேக்க மட்டும் இன்னைக்கே எடுத்துடுங்க சார்."

அமரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"குப்புராஜ், அந்த டேட்டா நிஜமா பொய்யாங்கிறது இப்ப கேள்வி இல்ல. அது பிரசுரமான டேட்டா. பிரசுரமானப்புறம் அது உங்களோடது இல்ல, அறிவியலோடது. சரி, ஒரு வாதத்துக்கு நீங்க சொல்றபடியே வெச்சுக்குவோம். அன்னிக்கு நீங்க பொய் எழுதினீங்க. அப்படின்னா நீங்க வெப்பநிலை விஷயத்துல பொய் சொல்றவர். இன்னிக்கு நாப்பத்தேழுன்னு சொல்றீங்க. அதை நாங்க எப்படி நம்புறது? இல்ல, அன்னிக்கு நீங்க நிஜம்தான் எழுதினீங்கன்னா, மாடல் சரி. ஆக எப்படிப் பாத்தாலும் முப்பத்தொண்ணு."

மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் இதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

மேஜையின் கடைசியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த முபீனா எழுந்தாள். "சார், நான் கைய வெச்சுப் பாத்தேன். சுடுது."

"நீங்க ஒரு மாடலர், முபீனா. கைய வெச்சுப் பாக்கிறது உங்க வேலை இல்ல. நாளைக்கு எல்லாரும் கைய வெச்சுப் பாக்க ஆரம்பிச்சா, இந்தத் துறை எதுக்கு?"

இதைவிட உண்மையாக அந்த அறையில் அன்றைக்கு யாரும் பேசவில்லை.

விசாரணை முடியும்வரை குப்புராஜை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பதினேழாம் நம்பர் ரேக்கை எடுப்பது பற்றி யோசிக்கத் துணைக்குழு ஒன்று அமைத்தார்கள். அதன் முதல் கூட்டம் மூன்று வாரம் கழித்து.

மறுநாள் காலை எளாவூரில் பஸ் ஏறும்போது குணசுந்தரியின் கையை அவர் விடவில்லை. ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று அவள் கூச்சப்பட்டாள்.

"இன்னிக்கு லீவு போட்டுடு சுந்தரி."

"ரெண்டு பேரும் ஊட்ல ஒக்காந்தா எப்படிங்க? அங்க கீறவங்க மட்டும் பொம்பளைங்க இல்லியா?"

"அப்போ ஒண்ணு செய். மத்தியானம் வரிக்கும் காத்துக்கினு இருக்காத. நடுவுல நடுவுல டப்பாவ தொட்டுப் பாத்துக்கினே இரு. சுருக்குன்னு சுட்டுச்சுன்னா அப்பவே வெளிய வந்துடு. எல்லாரையும் இஸ்துக்கினு வா. யாரையும் பர்மிஷன் கேக்காத."

அவரும் அதே பஸ்ஸில் போய்க் கம்பெனி வாசலில் நின்றார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. உள்ளே செல்போன் எடுத்துப்போகக் கூடாது, அதனால் அவளைக் கூப்பிடவும் வழியில்லை. இரண்டு மணி நேரம் அந்த இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எதையும் அவர் வேண்டிக்கொண்டதில்லை.

பதினொன்று ஐந்துக்கு குணசுந்தரி டப்பாவைத் தொட்டாள். இரண்டு விரலின் தோல் மூடியில் ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை. எழுந்து நின்று, "எழுந்திருங்கடி, எல்லாரும் வெளிய வாங்க" என்றாள். லைன் லீடர் வழி மறித்து, அவுட் பாஸ் எங்கே என்று கேட்டார். இருபத்திரண்டு பெண்களும் அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். பதினொன்று இருபதுக்குச் சுவர் இடிந்து விழுந்தது. வெள்ளையாகப் புகை வந்தது, பிறகு கறுப்பாக.

தீ மணி அடிக்கவில்லை. பொய் மணிகளைக் குறைப்பதற்காக, மாடல் ஒப்புக்கொண்டால் மட்டுமே அடிக்கும்படி அதைப் போன வருஷம்தான் மாற்றியிருந்தார்கள்.

எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். தானியேல் மட்டும் உள்ளே ஓடினார். வியாழக்கிழமை ஆடிட். ரிஜிஸ்டர் மூன்றாம் அறைக் கதவருகே ஆணியில் தொங்கியது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது ரிஜிஸ்டரின் ஓரம்தான் கருகியிருந்தது, அவருடைய உள்ளங்கை இரண்டும் வெந்துபோயிருந்தன. கேட்டைத் தாண்டி ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்த குப்புராஜுக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன் சார், ஏன் சார்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். தானியேலுக்கும் அது தெரியவில்லை.

நாலு நாள் கழித்து இருபத்திரண்டு பெண்களுக்கும் மெமோ தயாரானது. அனுமதியின்றி வேலையிடத்தை விட்டு வெளியேறியது குற்றம். வெளியேறிய நேரத்தில் மூன்றாம் அறை முப்பத்தொரு டிகிரியில் இருந்ததாக மாடல் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஒரு சிக்கல். ரிஜிஸ்டரில் அன்றைக்குப் பதினொரு மணிக் கட்டம் காலியாக இருந்தது. அந்த ஷிஃப்டில் அதில் எழுத அதிகாரம் உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவருடைய இரண்டு கையிலும் கட்டு.

குப்புராஜைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"உங்க சஸ்பென்ஷன் தேதியை ரெண்டு நாள் தள்ளி வெச்சுட்டோம்" என்றார் அமரேசன், ரொம்பக் கனிவாக. "அன்னிக்கு நீங்க டியூட்டியில இருந்தீங்க. இந்த ஒரு வரியை நிரப்பிடுங்க. சஸ்பென்ஷன் ரத்து. உங்க ஒய்ஃபோட மெமோவும் போயிடும். உங்களுக்கு இது புதுசு இல்லையே. மேல இருக்கிறதைப் பாத்து டிட்டோ போட்டாக்கூடப் போதும்."

ஓரம் கருகிய ரிஜிஸ்டரை அவர் முன்னால் நகர்த்தினார்கள். ஏழு மணி, 31. ஒன்பது மணி, டிட்டோ. தானியேலின் கையெழுத்து. குப்புராஜ் பேனாவை வாங்கிக்கொண்டார். டிட்டோ போட்டால் வேலை இருக்கிறது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் துணி சுற்றிக்கொண்டு வீட்டில் குணசுந்தரி இருக்கிறாள். பிறகு எழுதினார். நேரம் என்ற கட்டத்தில் பதினொன்று ஐந்து. கருவி என்ற கட்டத்தில், குணசுந்தரியின் கை. வெப்பநிலை என்ற கட்டத்தில், சுட்டது. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் முபீனா போன் செய்தாள். குணசுந்தரி இப்போது வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காததால் இடது கையால் மடிக்கிறாள். காலை நேரம், டப்பாவில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் வைத்தார் குப்புராஜ்.

"அண்ணே, ரிஜிஸ்டரை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. டேட்டா பிரிவுல ஒரு பழக்கம் உண்டு. வெப்பநிலைக் கட்டத்துல எண் இல்லாம எழுத்து இருந்தா, அதை எடுத்துட்டு, மேல கடைசியா என்ன எண் இருக்கோ அதையே போட்டுருவாங்க. நீங்க எழுதின எடத்துல முப்பத்தொண்ணு வந்துருச்சு. புதுசா ஒரு பிளான்ட் கட்டறாங்க, அதுக்கான மாடலுக்கு இதையும் சேத்துதான் சொல்லிக் கொடுக்கறாங்க."

குணசுந்தரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, போன் அருகே குனிந்தாள். அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தெரியும் என்பது போல வலது கையை அதன் முன்னால் நீட்டினாள்.

"அப்போ என் வெரல்ல கீறது இன்னாம்மா?"

போன் வெகுநேரம் கட்டாகாமல் இருந்தது.